அத்தியாயம் 5: புது மின்சாரக் காரா, பழையதா?

மின்சாரக் கார்தான் என்று வீட்டில் பேசி முடித்த பிறகு வரும் முதல் தடுமாற்றம் இது. ஷோரூமில் சொன்ன ஆன்-ரோடு விலை 14 லட்சம். அதே மாடல், மூன்று வருடம் ஓடியது, ஏழரை லட்சத்துக்கு விற்பனைக்கு வருகிறது. ‘இவ்வளவு மலிவாகத் தருகிறார்கள் என்றால் வண்டியில் ஏதோ கோளாறு’ என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. ‘பாதி விலைக்குக் கிடைக்கிறது, விடக்கூடாது’ என்று அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் விலையைப் பார்த்தார்களே தவிர, அந்த விலைக்கு என்ன வருகிறது என்று பார்க்கவில்லை.

பழைய பெட்ரோல் காரை எப்படிப் பார்ப்பது என்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த வித்தை. பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தம் கேட்பார்கள், சைலன்சரில் புகை பார்ப்பார்கள், ஆயில் கேஜை இழுத்து மோந்து பார்ப்பார்கள். மின்சாரக் காரில் இந்த வித்தைக்கு வேலையே இல்லை. மோட்டார் சத்தம் போடாது, புகை வராது. அது சுலபத்தில் தேயவும் தேயாது. வண்டியின் மதிப்பில் பெரும்பங்கு தரைக்கு அடியில், சீல் வைத்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனாலும் அவர் அதைத் திறந்து பார்க்க முடியாது. ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க நான் திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்வது ஒரே கேள்வியைத்தான்: இந்த பேட்டரிக்கு இன்னும் எத்தனை ஆண்டு கம்பெனி பொறுப்பு? புதிதோ பழையதோ, நீங்கள் காசு கொடுப்பது அந்த ஆண்டுகளுக்கு.

முதலில் உங்கள் வீட்டு பிளக்

கார் பார்க்கக் கிளம்பும் முன், அது இரவில் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். சொந்த போர்ட்டிகோவில் நிற்குமானால் பிரச்சினை இல்லை. அபார்ட்மென்டில் உங்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில், உங்கள் மீட்டரிலிருந்து ஒயர் இழுக்கச் சங்கம் எழுத்துமூலம் அனுமதி தந்தால் அதுவும் சரி. தெருவில்தான் நிறுத்த வேண்டும் என்றால் புதுசா பழசா என்ற கேள்வியே வேண்டாம். இப்போதைக்கு மின்சாரக் காரே வேண்டாம் என்பது என் துணிபு.

காரணம் கணக்கில் இருக்கிறது. பேட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட் மணி என்று போடுகிறார்களே, அதுவும் நம் ஈ.பி. மீட்டரில் ஓடும் யூனிட்டும் ஒன்றுதான். டாடாவின் நெக்ஸான், பஞ்ச் போன்ற மின்சார வண்டி, சுவரிலிருந்து இழுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஆறு முதல் ஏழு கிலோமீட்டர் ஓடும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிற குடும்பத்துக்கு இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 310 யூனிட் கூடும். ஏற்கெனவே இருமாதக் கணக்கில் 350 யூனிட் வருகிற வீடு என்றால் 660-க்குப் போய்விடும். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டியதும் மேற்கொண்டு ஓடும் யூனிட்டுகள் 8 ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல். கீழ்த்தட்டில் கிடைத்த சலுகையும் கொஞ்சம் போகும். எல்லாம் சேர்த்தும் பில்லில் கூடுவது 2,500 ரூபாயை ஒட்டித்தான் இருக்கும். அதே 2,000 கிலோமீட்டரை லிட்டருக்கு 15 ஓடும் பெட்ரோல் காரில் ஓட்டினால் 13,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஆனால் முழுக்க வெளியில் இருக்கும் ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பினால் வரியோடு யூனிட் 20, 25 ரூபாய் என்று போய், மிச்சத்தில் கிட்டத்தட்டப் பாதிவரை கரைந்துவிடும். நேரம் போவது தனி.

வீட்டில் ஏசி அதிகம் ஓடி, ஏற்கெனவே ஆயிரம் யூனிட்டைத் தொடுகிறவர்கள் கார் ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11 ரூபாய்க்கு மேல் என்று கணக்குப் போடுங்கள். அப்போதும் பெட்ரோலைவிட லாபம்தான். 15 ஆம்பியர் பிளக், சரியான எர்த்திங், தாங்குகிற ஒயர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் போடுவதாக இருந்தால் லோடு கூட்ட ஈ.பி. ஆபீசில் விண்ணப்பிக்க வேண்டிவரும். இதையெல்லாம் கார் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

விலை ஏன் இப்படிச் சரிந்தது?

பழைய மின்சாரக் காரின் விலை விழுந்ததற்கு பேட்டரி செத்துப்போகிறது என்ற பயம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், புது வண்டியின் விலை இறங்கியது. டாடா நெக்ஸான் ஈ.வி. 2020 ஜனவரியில் வந்தபோது 30.2 யூனிட் பேட்டரியோடு ஷோரூம் விலை 13.99 லட்சத்தில் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் அந்த நிறுவனம் நெக்ஸானுக்கு 1.2 லட்சம் வரையும் டியாகோவுக்கு 70,000 வரையும் விலையைக் குறைத்தது. அதே ஆண்டு பண்டிகைக் காலத்தில் நெக்ஸானுக்கு 3 லட்சம் வரை சலுகை தந்து 12.49 லட்சத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. பேட்டரியின் விலை உலகச் சந்தையில் சரிந்துகொண்டே வந்ததுதான் இதற்கு அடிப்படை. ப்ளூம்பெர்க் நிறுவனம் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கில் 2024-ஆம் ஆண்டு மட்டும் பேட்டரி விலை 20 விழுக்காடு குறைந்தது. புதுசே மலிவாகக் கிடைக்கும்போது நான்கு வருடம் முன் அதிக விலை கொடுத்து வாங்கியவர் தன் வண்டியை என்ன விலைக்கு விற்க முடியும்?

மறுபக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 விழுக்காடாக இறங்கியது. மின்சாரக் காருக்கு 2019-லிருந்தே 5 விழுக்காடு, அதில் மாற்றமில்லை. அதாவது போட்டிக்கு நிற்கும் பெட்ரோல் காரும் மலிந்துவிட்டது. இதுவும் பழைய மின்சாரக் காரின் விலையை மேலே போகவிடாமல் பிடித்து வைக்கிறது.

புதிதாக வாங்க நினைப்பவர் இதிலிருந்து ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்தச் சரிவு நாளை உங்கள் வண்டிக்கும் வரும். வேலை மாற்றலாகும், நான்கு வருடத்தில் விற்றுவிடுவேன் என்பவர் புதிதாக வாங்குவது நஷ்டத்தைத் தெரிந்தே வாங்குவது. எட்டு, பத்து வருடம் வைத்து ஓட்டுகிறவருக்கு நடுவில் விலை எங்கே போனால் என்ன?

அரசுச் சலுகைகள் பற்றிப் பழைய தகவல்கள் இன்னும் வாய்மொழியாகச் சுற்றுகின்றன. கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு தந்த 80-ஈ.ஈ.பி. பிரிவு, 2023 மார்ச் 31-க்குள் கடன் மஞ்சூரானவர்களுக்கு மட்டுமே. இப்போது நடக்கும் பி.எம். ஈ-டிரைவ் திட்டத்தில் சொந்த உபயோகக் காருக்கு மானியம் இல்லை. தமிழ்நாட்டின் சாலை வரி விலக்கு கெடு வைத்துத் தரப்படுவது. புக் செய்யும் நாளில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஷோரூம் விற்பனையாளர் வாயால் சொல்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வாரண்டி என்னும் காலக்கெடு

இந்தியாவில் விற்ற பெரும்பாலான மின்சாரக் கார்களின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரை வாரண்டி. இது வண்டி முதன்முதலில் விற்ற நாளிலிருந்து ஓடத் தொடங்கும். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 2021 ஜூனில் விற்ற வண்டியை 2026 ஜூனில் நீங்கள் வாங்கினால் உங்கள் கையில் மூன்று ஆண்டுதான். அதற்குள் மீட்டர் 1.6 லட்சத்தைத் தாண்டினால் அதுவும் இல்லை.

இதை வைத்து ஒரு சுலபமான கணக்குப் போடலாம். விலையை மீதமுள்ள வாரண்டி ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 14 லட்சம் ரூபாய்ப் புது வண்டி, எட்டு ஆண்டு: ஆண்டுக்கு 1.75 லட்சம். ஏழரை லட்சத்துக்கு வரும் மூன்று வயது வண்டி, ஐந்து ஆண்டு மிச்சம்: ஆண்டுக்கு 1.5 லட்சம். ஐந்தரை லட்சத்துக்கு வரும் ஆறு வயது வண்டி, இரண்டு ஆண்டு மிச்சம்: ஆண்டுக்கு 2.75 லட்சம்! மூன்றிலும் மலிவாகத் தெரிந்ததுதான் மூன்றிலும் விலை கூடியது. வாரண்டி முடிந்த மறுநாள் வண்டி குப்பைக்குப் போய்விடாது என்பது உண்மை. நல்ல பேட்டரி அதற்குப் பிறகும் பல ஆண்டு ஓடும். ஆனால் அந்த ஆண்டுகளுக்கான பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். பேட்டரியை மாற்ற நேர்ந்தால் பல லட்சம்.

இங்கே இன்னொரு விஷயம் புதிதாக வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. விண்ட்சர், பேட்டரிக்கு வாழ்நாள் வாரண்டி தந்தது. அது முதல் உரிமையாளருக்கு மட்டும். கைமாறினால் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். மஹிந்திராவின் பி.ஈ. 6, எக்ஸ்.ஈ.வி. 9ஈ வண்டிகளிலும் முதல் உரிமையாளருக்கு வாழ்நாள்; இரண்டாம் கைக்குப் போனால் 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கிலோமீட்டர். டாடாவும் பெரிய பேட்டரி வண்டிகளுக்கு இதே வழியில் வந்துவிட்டது. இந்த மாடல்களில் புதிதுக்கும் பழையதுக்கும் உள்ள இடைவெளி வெறும் வயது இடைவெளி மட்டுமல்ல, வாரண்டியே வேறு. 14 லட்சத்துக்கு வாழ்நாள் வாரண்டியோடு வாங்கிப் பத்து ஆண்டு வைத்திருந்தால் நம் கணக்கில் ஆண்டுக்கு 1.4 லட்சம்தான் வருகிறது. நீண்ட நாள் வைத்திருக்கப்போகிறவரைப் புது வண்டி பக்கம் திருப்புவது இந்த ஒரே காரணம்தான். அது போதுமான காரணமும்கூட.

வாரண்டி அட்டையில் நுணுக்கி அடித்திருப்பதைப் படியுங்கள். சில நிறுவனங்கள் பேட்டரியின் கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் சரிசெய்து தருவதாக எழுதியிருக்கும். சில, உற்பத்திக் குறைபாட்டை மட்டும் ஒப்புக்கொள்ளும். தேய்மானம் இயல்பு என்று கைவிரிக்கும். குறித்த நேரத்தில் கம்பெனி சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் உண்டு. வெளிக்கடையில் ஒயரை வெட்டி ஹாரன், விளக்கு, ஸ்பீக்கர் மாட்டிய வண்டியில் வாரண்டி கேட்டுப் போனால் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். ஏற்கெனவே வாரண்டியில் பேட்டரி மாற்றிய வண்டி என்றால் பயப்படத் தேவையில்லை, அது வாங்குகிறவருக்கு நல்லதே. ஆனால் புது பேட்டரிக்கும் பழைய கெடுவே பொருந்தும் என்பதுதான் பொதுவான விதி.

பேட்டரியை நீங்களே அளக்கலாம்

“ஃபுல் சார்ஜ் போட்டா எவ்வளவு ஓடுது, அண்ணே?” என்று கேட்பீர்கள். “அசால்டா 220 ஓடும் சார், டிஸ்ப்ளேலயே பாருங்க” என்பார் விற்பவர். அந்த எண்ணை நம்பாதீர்கள். டேஷ்போர்டில் தெரியும் ரேஞ்ச், கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினாரோ அதை வைத்து வண்டி போடும் ஊகம். இரண்டு நாள் ஏசி போடாமல் மெதுவாக ஊருக்குள் ஓட்டினால் எண் தானாக ஏறிவிடும். விளம்பரத்தில் வந்த ரேஞ்சோடு ஒப்பிடுவதும் வீண். முதல் நெக்ஸான் ஈ.வி.க்குச் சான்றளித்த எண் 312 கிலோமீட்டர். ஏசி போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டினால் புது வண்டியே 200-ஐ ஒட்டித்தான் ஓடியது. டாடா நிறுவனமே பிற்பாடு, நிஜச் சாலையில் இவ்வளவு ஓடும் என்று தனியாக ஓர் எண்ணைச் சேர்த்து வெளியிட ஆரம்பித்தது.

நம்பத்தக்க வழி, பேட்டரி எவ்வளவு கரண்ட் வாங்குகிறது என்று அளப்பது. அதற்கு ஒரு ஃபாஸ்ட் சார்ஜர் போதும். முந்தின இரவு வண்டியை 100 விழுக்காடு சார்ஜ் போட்டு வைக்கும்படி விற்பவரிடம் சொல்லுங்கள். நெடுநாள் முழு சார்ஜ் போடாத வண்டி விழுக்காட்டைத் தப்பாகக் காட்டக்கூடும், குறிப்பாக டாடா வண்டிகளில் உள்ள எல்.எஃப்.பி. வகை பேட்டரி. பிறகு 20 விழுக்காடு வரும்வரை ஓட்டி, பக்கத்து ஃபாஸ்ட் சார்ஜருக்குப் போய் 80 வரை ஏற்றுங்கள். காசு நீங்களே கொடுங்கள். பில் உங்கள் போனில் வந்து சேரும். அதில் எத்தனை யூனிட் என்று அச்சாகியிருக்கும்.

30.2 யூனிட் பேட்டரியில் 60 விழுக்காடு என்பது 18 யூனிட். போகிற வழியில் 5 விழுக்காடு விரயம் என்று வைத்தால் புது வண்டி 19 யூனிட் வாங்க வேண்டும். பில்லில் 16 என்று வந்தால்? விரயம் போக உள்ளே சேர்ந்தது 15.2. அதை 60-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 25.3 யூனிட். அதாவது பேட்டரி 84 விழுக்காட்டில் இருக்கிறது. இது தங்கத்தை நிறுக்கிற துல்லியம் இல்லை. இரண்டு பக்கமும் ஐந்து விழுக்காடு பிசகலாம். ஆனாலும் விற்பவர் வாய்ச்சொல்லைவிட ஆயிரம் மடங்கு மேல்.

சாதாரணமாக பேட்டரி ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு அளவுக்குத் தேயும் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று, நான்கு வருட வண்டி 90-க்கு மேல் காட்டினால் நிம்மதியாக வாங்கலாம். 85-ஐ ஒட்டி வந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். 80-க்குக் கீழே என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இந்தச் சோதனையில் ஃபாஸ்ட் சார்ஜ் துவாரம் வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இப்போதைய வண்டிகளில் இருப்பது சி.சி.எஸ். 2 துவாரம். மஹிந்திரா ஈ-வெரிட்டோ, டாடா டிகோரின் ஆரம்பகால மின்சார வண்டி போன்றவற்றில் இருந்தது வேறு வகை. அதற்கு ஏற்ற சார்ஜரை நெடுஞ்சாலையில் தேடி அலைய வேண்டும். சின்ன எம்.ஜி. காமெட்டில் ஃபாஸ்ட் சார்ஜ் வசதியே கிடையாது. அது நகரத்துக்குள் ஓட்டச் செய்த வண்டி.

இதோடு கம்பெனி சர்வீஸ் சென்டரில் காசு கட்டி டயக்னாஸ்டிக் மெஷின் மாட்டி, பேட்டரி ரிப்போர்ட் வாங்கிவிடுங்கள். தர மறுக்கிற விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

வெயில், வெள்ளம், டாக்ஸி

வெயில் பேட்டரியைத் தின்னும் என்ற பாடம் இலங்கைத் தமிழர்களுக்கு நமக்கு முன்பே தெரியும். 2010-களின் நடுவில் ஜப்பானிலிருந்து பயன்படுத்திய நிசான் லீஃப் கார்கள் அங்கே ஏராளமாக வந்தன. அந்த வண்டியின் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு கிடையாது. காற்று பட்டு ஆற வேண்டியதுதான். டேஷ்போர்டில் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றாக அணைய அணைய வண்டியின் விலையும் இறங்கும். அங்கே பழைய லீஃப் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, எத்தனை கட்டம் இருக்கிறது என்பதைத்தான்.

நம் ஊரில் இப்போது ஓடும் நெக்ஸான், டியாகோ, எம்.ஜி. இசட்.எஸ். போன்ற வண்டிகளில் பேட்டரியைத் திரவம் ஓட்டிக் குளிர்விக்கிறார்கள். அதனால் நிலைமை எவ்வளவோ மேல். இருந்தாலும் வேலூரிலும் கரூரிலும் சித்திரை வெயிலில் தினமும் வெட்டவெளியில் நின்ற வண்டியும், நிழலில் நின்ற வண்டியும் ஒன்றாகாது. வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். பெயின்ட்டும் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கும் விடை சொல்லும். ஏசியை முழுவேகத்தில் வைத்து அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பல மாடல்களில் ஏசி கம்ப்ரசரே பேட்டரியையும் குளிர்விக்கிறது. ஏசி மந்தமாக இருந்தால் அது உங்கள் வியர்வையோடு முடிகிற பிரச்சினை அல்ல.

வெயிலைவிட நான் அஞ்சுவது வெள்ளத்துக்கு. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் கார்கள் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தோம். இரண்டே வாரத்தில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனி ‘டோட்டல் லாஸ்’ என்று கணக்கு முடித்து ஏலம் விடும். எடுத்தவர் கழுவித் துடைத்து வெளியூரில் விற்றுவிட முடியும். பேட்டரிப் பெட்டி ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்பதுதான் ஐ.பி. 67 தரத்தின் பொருள். இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் ஊறியதற்கு எந்தத் தரமும் உத்தரவாதம் இல்லை. பெட்டிக்குள் நீர் போயிருந்தால் ஒரு வருடம் கழித்துக்கூடக் கோளாறு தலைதூக்கும், வாரண்டியும் கிடைக்காது.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிநுனியில் செம்மண் கறை இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வந்திருக்கிறது. முன்சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, அது ஓடும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். ஓட்டுநர் காலடி விரிப்பைத் தூக்கி, அதற்கு அடியில் உள்ள பஞ்சை அழுத்தி மோந்து பாருங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழியையும் விடாதீர்கள். 2023 டிசம்பருக்குப் பிறகு பெரிய தொகைக்கு கிளெய்ம் நடந்திருக்கிறதா என்று பாலிசி எண்ணை வைத்து இன்சூரன்ஸ் கம்பெனியிலும் சர்வீஸ் சென்டரிலும் கேளுங்கள்.

டாக்ஸியாக ஓடிய வண்டியை அடையாளம் காண நம்பர் பிளேட் உதவும். சொந்த உபயோக மின்சாரக் காருக்குப் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. வாடகை வண்டிக்குப் பச்சையில் மஞ்சள் எழுத்து. ஆனால் ஆர்.டி.ஓ.வில் வகையை மாற்றி வெள்ளை எழுத்து வாங்கியிருக்கலாம் என்பதால் ஆர்.சி.யின் பழைய விவரத்தையும் பாருங்கள். நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடிய வண்டி இரண்டரை வருடத்தில் வாரண்டிக் கிலோமீட்டரைத் தின்று தீர்த்திருக்கும். தினமும் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டதாகவும் இருக்கும். வயது குறைவு, பளபளப்பு அதிகம், விலை மிக மலிவு என்று வருகிற வண்டிகளில் இவை நிறைய. குடும்பத்துக்கு வேண்டாம்.

பேப்பர் வேலை

பழைய காருக்கு உள்ள வழக்கமான பேப்பர்கள் இதற்கும் உண்டு: பெயர் மாற்ற 29, 30 படிவங்கள், கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யோடு 35, வெளி மாநில வண்டி என்றால் 28. வெளி மாநில வண்டிக்கு இங்கே வரி என்ன ஆகும் என்பதைப் பணம் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ.வில் கேளுங்கள். இன்சூரன்சை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. டீலரிடம் வாங்கினால் அவருடைய லாபத்தின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. விலைக்குள் அடங்கியிருக்கும், தனிநபரிடம் நேரே வாங்கினால் அது இல்லை.

மின்சாரக் காருக்கே உரிய மூன்று விஷயங்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்று, வண்டியோடு இணைந்த மொபைல் ஆப். பழைய உரிமையாளரின் கணக்கை நீக்கி, உங்கள் எண்ணுக்கு மாற்றிய பிறகே பாக்கிப் பணம் கொடுங்கள். இல்லையென்றால் உங்கள் கார் எங்கே நிற்கிறது என்று அவர் போனில் தெரிந்துகொண்டே இருக்கும். இரண்டு, சார்ஜர். சுவரில் மாட்டிய சார்ஜர் அவர் வீட்டுச் சுவரிலேயே தங்கிவிடும். அது விலையில் சேர்ந்ததா என்று பேசிக்கொள்ளுங்கள். வண்டியோடு வந்த போர்ட்டபிள் கேபிளையும் கேட்டு வாங்குங்கள். மூன்று, பேட்டரி யாருடையது? பேட்டரியை வாடகைக்கு எடுத்துக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டும் முறை விண்ட்சரோடு வந்தது. அப்படி வாங்கிய வண்டி என்றால் அந்த ஒப்பந்தத்தை முடித்ததற்கான கடிதம் இல்லாமல் தொடாதீர்கள்.

கடனுக்கு வாங்குகிறவர்கள் வட்டியையும் விலையில் சேருங்கள். புது வண்டிக்கு 11 லட்சம் கடன், 9 விழுக்காடு வட்டி, ஐந்து ஆண்டு என்றால் வட்டி மட்டும் 2.7 லட்சம். பழைய வண்டிக்கு ஐந்தரை லட்சம் கடன், 13 விழுக்காடு என்றால் அதே ஐந்து ஆண்டில் 2 லட்சம். கடன் பாதியானாலும் வட்டி பாதியாகவில்லை. பழைய வண்டியைக் கைக்காசில் வாங்க முடிந்தால்தான் அதன் மலிவு முழுசாக உங்களுக்கு வந்து சேரும்.

அப்படியானால் எது?

வீட்டில் ஏற்கெனவே ஒரு வண்டி இருக்கிறது, இது ஆபீசுக்கும் பள்ளிக்கும் கடைக்கும், நாளுக்கு 40, 50 கிலோமீட்டர் என்றால் பழையதே போதும். இரண்டு முதல் நான்கு வயது, ஒரே உரிமையாளர், கம்பெனி சர்வீஸ், 50,000 கிலோமீட்டருக்குள், வாரண்டி நான்கு ஆண்டுக்குக் குறையாமல். இப்படி ஒன்று கிடைத்தால் புதிதுக்குச் செலவழிக்கும் கூடுதல் பணத்தில் உங்களுக்கு அதிகமாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. புது கார் வாசனைக்கு ஆறு லட்சம் கொடுக்க எனக்கு மனம் வராது.

இருக்கிற ஒரே கார் இதுதான், மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து மதுரைக்கோ கோவைக்கோ போய் வருவேன் என்பவருக்கு பழைய 30 யூனிட் வண்டி பொருந்தாது. 460 கிலோமீட்டரில் இரண்டு தடவைக்கு மேல் நின்று சார்ஜ் போட வேண்டியிருக்கும். பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகும்போது அது சலிப்பாகிவிடும். 45 யூனிட்டும் அதற்கு மேலும் உள்ள புது வண்டி, முடிந்தால் முதல் உரிமையாளருக்கான வாழ்நாள் வாரண்டியோடு, பத்து ஆண்டு வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு வாங்குங்கள். பணம் இப்போது எட்டவில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் இருக்கிற வண்டியையே ஓட்டுங்கள்.

விற்பனை நின்றுபோன மாடல்களில் கவனம் வேண்டும். ஹூண்டாய் கோனா நல்ல வண்டி, நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் அசெம்பிள் செய்யப்பட்டது, 39.2 யூனிட் பேட்டரி. 2024-இல் அதை விற்பதை நிறுத்திவிட்டார்கள். 2019, 2020-இல் விற்றவற்றுக்கு வாரண்டி முடியும் தறுவாயில் இருக்கிறது. மிக மலிவாக, பேட்டரி ரிப்போர்ட்டோடு வந்தால் தவிர வேண்டாம்.

புரோக்கர் அவசரப்படுத்துவார். “இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வராங்க சார், ஒரு பத்தாயிரம் டோக்கன் போட்டு வைங்க” என்பார். வாரண்டி தொடங்கிய தேதி உள்ள தாள், சர்வீஸ் சென்டரின் பேட்டரி ரிப்போர்ட், ஃபாஸ்ட் சார்ஜர் பில் மூன்றும் உங்கள் கையில் வரும்வரை ஒரு ரூபாய்கூட டோக்கன் கொடுக்காதீர்கள். அந்த வண்டி போனால் போகட்டும். அடுத்த மாதமும் இதே விலைக்கு இன்னொன்று வரும்.